பிரியும் குடும்பங்களுக்கு ஆலோசனையும் சமரசமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்ப வழக்குகளில் முதலில் ஆலோசகராகவும் பிறகு சமரசராகவும் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். வாய்தாவுக்கு வருகிறவர்கள் வராந்தாவில் குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். சட்ட விவரங்கள் தமிழ்நாட்டில் நடப்பதை ஒட்டியவை. இடையில் வரும் இரண்டு சம்பவங்களில் ஆள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கவுன்சிலிங்குக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். சேர்ந்து வாழச் சொல்லிக் கட்டாயப்படுத்துவார்களா?

கட்டாயப்படுத்தக் கூடாது. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், 9-ஆவது பிரிவில், இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ள வழியிருக்கிறதா என்று முதலில் முயன்று பார்க்கும் கடமையை நீதிபதிக்குத் தந்திருக்கிறது. பேசித் தீர்ப்பது என்றாலே சேர்த்து வைப்பது என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆலோசகர்களிலும் அப்படி நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. பிரிவது என்று முடிவாகிவிட்டால், எப்படிப் பிரிவது, பிள்ளையை எப்படி வளர்ப்பது, பணத்தை எப்படிக் கொடுப்பது என்று பேசி முடிப்பதும் தீர்வுதான். என் அனுபவத்தில் அந்த அறை அதற்குத்தான் அதிகம் பயன்பட்டிருக்கிறது.

“கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா” என்று யாராவது ஆரம்பித்தால், “எப்படிப் பிரிவது என்று பேசத்தான் வந்திருக்கிறேன்” என்று நிதானமாகச் சொல்லுங்கள். அதற்காக உங்கள் வழக்கு கெடாது. ஆனால் கூப்பிட்ட நாளில் போகாமல் இருந்துவிடாதீர்கள். போகாவிட்டால் வாய்தா தள்ளிப்போகும். ஒத்துழைக்கவில்லை என்ற பேரும் உங்களுக்குத்தான் வரும்.

ஆலோசனை, சமரசம், லோக் அதாலத் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. ஆலோசகர் குடும்ப நீதிமன்றத்தோடு சேர்ந்தவர். பெரும்பாலும் சமூகப்பணியோ உளவியலோ படித்தவர். உங்கள் மனநிலை, பிள்ளையின் நிலை, உறவில் இன்னும் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்பதை அவர் பார்ப்பார். சமரசர் என்பவர் பயிற்சி பெற்ற நடுநிலையாளர். பெரும்பாலும் வழக்கறிஞராகவோ ஓய்வு பெற்ற நீதிபதியாகவோ இருப்பார். ஜீவனாம்சம், நகை, பிள்ளை, நிலுவையில் இருக்கும் மற்ற வழக்குகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசி, இருவரும் ஒத்துக்கொண்டதை எழுத்தில் கொண்டுவருவது அவர் வேலை. தீர்ப்பு சொல்லும் அதிகாரம் இருவருக்குமே கிடையாது. லோக் அதாலத் என்பது, ஏறக்குறைய ஒத்துவந்துவிட்ட விஷயத்தை ஒரே அமர்வில் முடித்துக்கொள்ளும் இடம். பல மாதக் காயத்தை அங்கே அவிழ்த்துப் பேச நேரம் இருக்காது.

நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் இந்தியாவிலேயே முதலில் வந்தது சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில்தான், 2005 ஏப்ரலில். இப்போது மாவட்ட நீதிமன்றங்களிலும் மையங்கள் இருக்கின்றன. குடும்ப நீதிமன்றம் இல்லாத ஊரில் வழக்கு சார்பு நீதிமன்றத்தில் (சப் கோர்ட்) நடக்கும். அங்கேயும் “எங்களை மீடியேஷனுக்கு அனுப்புங்கள்” என்று நீங்களே கேட்கலாம்.

சொந்தக்காரர்கள், ஊர்ப் பெரியவர்கள் எல்லாம் பேசிப் பார்த்துவிட்டார்கள். இதில் மட்டும் என்ன புதிதாக நடந்துவிடும்?

பஞ்சாயத்துப் பேச்சில் இருபது பேர் இருப்பார்கள். பிரிகிற இருவரும் ஓரமாக நிற்பார்கள். மாமன் கோபப்படுவார், சித்தப்பா பழைய கல்யாணச் சாப்பாட்டுப் பிரச்சினையை எடுப்பார். எந்தக் குடும்பத்தின் கை ஓங்கியது என்பதில்தான் பேச்சு முடியும். சமரச அறையில் மேசையைச் சுற்றி நாலு நாற்காலிதான். அங்கே நீங்களே பேச வேண்டும். சில கணவன் மனைவிக்கு, கல்யாணமான நாளிலிருந்து இடையில் ஆள் இல்லாமல் பேசிக்கொள்ளும் முதல் ஒரு மணி நேரம் அதுவாகத்தான் இருக்கிறது. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

அந்த அறையில் உண்மையில் என்ன நடக்கும்?

முதலில் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து விதிகளைச் சொல்வார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது, பேசியது வெளியே போகாது, எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். பிறகு தனித்தனியே பேசுவார்கள். உண்மையான விஷயம் பெரும்பாலும் அந்தத் தனிப் பேச்சில்தான் வெளிவரும். “இதை அவரிடம் சொல்லாதீர்கள்” என்று நீங்கள் சொன்னால் சமரசர் சொல்ல மாட்டார்.

ஒரு வழக்கில் இரண்டு அமர்வு முழுக்க நகைப் பேச்சு. பெண் வீட்டார் 38 சவரன் என்று பட்டியல் வைத்திருந்தார்கள். கணவர் எல்லாவற்றையும் அவளே எடுத்துப் போய்விட்டாள் என்றார். தனியே பேசியபோது அவர் வெகுநேரம் தலையைக் குனிந்தே இருந்தார். பிறகு பர்ஸைத் திறந்து, மடித்து மடித்து ஓரம் கிழிந்த அடகுச் சீட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். தங்கை கல்யாணத்துக்காக மனைவியின் ஆரத்தை வைத்திருந்தார். மீட்க முடியவில்லை, வெட்கத்தில் சொல்லவும் முடியவில்லை. நாங்கள் உள்ளே கூப்பிட்டதும் அந்தப் பெண் சீட்டை எடுத்துப் படித்துவிட்டு, “இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நானே கழட்டிக் குடுத்திருப்பேனே” என்றாள். அவர்கள் சேரவில்லை. ஆனால் நகைப் பிரச்சினை அடுத்த இருபது நிமிடத்தில் முடிந்தது: எந்த மாதம் மீட்பது, வட்டி யார் கட்டுவது, எந்தத் தேதியில் ஒப்படைப்பது என்று.

அவர் என்னை அடித்திருக்கிறார். அவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்துதான் ஆக வேண்டுமா?

வேண்டாம். இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அடி, மிரட்டல், பூட்டி வைப்பது, பின்தொடர்வது இருக்கும் இடத்தில் முதல் தேவை பாதுகாப்பு. சமரசமெல்லாம் அதற்குப் பிறகுதான். பயந்து கிடக்கும் ஒருவரையும் பயமுறுத்தும் ஒருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து எடுத்த முடிவு, சமமான இருவர் எடுத்த முடிவு ஆகாது. சமரசரிடமோ நீதிமன்ற ஊழியரிடமோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தனித்தனி அறை, தனித்தனி நேரம், வீடியோ வழியாகப் பேசுவது எல்லாம் கேட்கலாம். இந்த வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பவே வேண்டாம் என்றும் கேட்கலாம்.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு, வசிப்பிட உத்தரவு, பணம், பிள்ளையின் தற்காலிகப் பொறுப்பு எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்க முடியும். மாவட்டச் சமூகநல அலுவலகம் மூலம் பாதுகாப்பு அலுவலரை அணுகலாம். அந்தச் சட்டத்தின் கீழும் குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) ஆலோசனைக்கு அனுப்பலாம். ஆனால் அங்கே “அவள் அப்படிப் பேசினாள், அதனால்தான் கை நீட்டினேன்” என்று அடித்ததற்கு நியாயம் சொல்ல எதிர்த் தரப்பை அனுமதிக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் இந்த விதியைச் சொல்லி நிறுத்துங்கள்.

அவசரத்துக்கு 181 மகளிர் உதவி எண். பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098.

மகளிர் காவல் நிலையத்தில் கவுன்சிலிங் கொடுத்து எழுதி வாங்கிக்கொண்டார்கள். அது செல்லுமா?

அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கின. எத்தனையோ பெண்களுக்கு முதல் வாசல் அதுதான். புகார் கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். அங்கே “இனி ஒழுங்காக நடந்துகொள்கிறேன்” என்று எழுதிக் கொடுத்தது பின்னால் ஒரு ஆவணமாகப் பயன்படலாம். ஆனால் காவல் நிலையத்தில் எழுதிய கடிதத்தால் விவாகரத்து ஆகாது. பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரமும் அங்கே இல்லை.

பத்திரத்தாளில் “இருவரும் மனமொத்துப் பிரிகிறோம்” என்று எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு முடித்துக்கொண்டவர்கள் இன்றும் வருகிறார்கள். சில சமூகங்களில் வழக்காற்று விவாகரத்தை இந்துத் திருமணச் சட்டம் ஏற்கிறது. அந்த வழக்கம் தொன்றுதொட்டு இருப்பதை நிரூபித்தாக வேண்டும். மற்றவர்களுக்கு அந்தத் தாளால் கல்யாணம் முறியாது. அதை நம்பி மறுமணம் செய்தால் அந்த இரண்டாவது கல்யாணம் செல்லாமல் போகும்.

வழக்கே போடாமல் சமரசத்துக்குப் போக முடியுமா?

முடியும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு வெள்ளைத் தாளில் மனு எழுதிக் கொடுத்தால் மறு தரப்புக்குக் கடிதம் அனுப்பிக் கூப்பிடுவார்கள். ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வழக்கு வந்தபிறகு வக்கீல் நோட்டீஸில் எழுதிய வார்த்தைகளே தனிக் காயமாகிவிடுகின்றன. அதற்கு முன்பே வந்தவர்கள் பாதித் தூரம் கடந்தவர்கள்.

செலவு எவ்வளவு?

நீதிமன்றம் அனுப்பும் சமரசத்துக்கு உங்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வழக்கறிஞர் உண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் தந்த உரிமை அது. ஆண்களுக்குப் பொதுவாக வருமான வரம்பு உண்டு. தனியார் ஆலோசகரிடம் போனால், கட்டணத்தை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வக்கீல் கூட வரலாமா? அம்மா அப்பாவை அழைத்து வரலாமா?

குடும்ப நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வைத்துக்கொள்வது உரிமையாக இல்லை, நீதிபதியின் அனுமதியோடுதான் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அனுமதி கிடைத்துவிடும். சமரசத்திலும் வக்கீல் வரலாம். ஒப்பந்தம் எழுதும் நாளில் அவசியம் வரட்டும். பேசும் வேலையை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் விஷயத்தில் என் கருத்து: வளாகம்வரை வரட்டும், அறைக்குள் தேவைப்படும்போது மட்டும் வரட்டும். பேத்தியைத் தூக்கி வளர்த்த பாட்டியை ஒதுக்கிவிட்டுப் பேசிய ஒப்பந்தங்கள் வீட்டுக்குப் போனதும் உடைந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் கடைசிக் கட்டத்தில் அவர்களை உள்ளே கூப்பிட்டு, எழுதியதைப் படித்துக் காட்டுவது என் வழக்கம்.

அங்கே நான் சொன்னதை நாளைக்கு கோர்ட்டில் எனக்கு எதிராக எடுப்பார்களா?

சமரசத்தில் பேசியது ரகசியம். தீர்வு வராவிட்டால் சமரசர் நீதிமன்றத்துக்கு எழுதுவது “உடன்பாடு ஏற்படவில்லை” என்று மட்டும்தான். யார் பிடிவாதம் பிடித்தார், யார் எவ்வளவு கேட்டார் என்பதெல்லாம் எழுதக் கூடாது. அதேபோல நீங்களும் போனில் பதிவு செய்யாதீர்கள்.

பிள்ளை விஷயத்தில் ஒரு விதிவிலக்கு தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளையோடு பேசி ஆலோசகர் தரும் அறிக்கையை, பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய நீதிமன்றம் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொல்லியிருக்கிறது.

பிள்ளை யாரிடம் இருக்கும்?

இந்துக் குடும்பங்களுக்கான 1956-ஆம் ஆண்டுச் சட்டம், ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. அதற்கு மேல் வயதுக் கணக்கு கிடையாது. பிள்ளையின் நலன் ஒன்றுதான் அளவுகோல். சட்டத்தைப் பற்றி இவ்வளவு போதும். இனி நான் சொல்லப்போவதுதான் முக்கியம்.

“பிள்ளை அம்மாவிடம் இருக்கும். அப்பா ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்.” இப்படி இரண்டு வரியில் எழுதிய ஒப்பந்தம் மூன்று மாதம் தாண்டாது. எத்தனை மணிக்கு? எங்கே? யார் கூட்டிக்கொண்டு வருவது? ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் வந்தால் அடுத்த நாளா, அடுத்த வாரமா? காலாண்டு லீவில் என்ன? தீபாவளி அம்மா வீட்டில் என்றால் பொங்கல் யார் வீட்டில்? பிறந்த நாள்? ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம் யார், எந்தத் தேதிக்குள் கட்டுவது? வேன் காசு? அப்பா போன் செய்தால் எத்தனை மணிக்குள் செய்ய வேண்டும், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாமா? பள்ளி வாட்ஸ்அப் குழுவில் இருவர் எண்ணும் இருக்குமா? ஆதார், பாஸ்போர்ட் யாரிடம்? மொட்டையடிக்கவோ காது குத்தவோ இன்னொருவரைக் கேட்க வேண்டுமா? இவற்றையெல்லாம் கேட்டால் சிலர் எரிச்சல்படுவார்கள். “அதெல்லாம் பார்த்துக்கலாம் மேடம்” என்பார்கள். அந்தப் “பார்த்துக்கலாம்” ஒவ்வொன்றும் பிறகு ஒரு மனுவாக நீதிமன்றத்துக்கு வரும். நான் எழுதவைத்த ஒப்பந்தங்களில் நிலைத்து நின்றவை எல்லாம் சின்ன விஷயங்களைச் சலிக்காமல் எழுதியவைதான்.

நீதிமன்ற வளாகத்தில் பிள்ளையைப் பார்ப்பதைக் கூடிய சீக்கிரம் விட்டு வெளியே வாருங்கள். பூங்கா, நூலகம், பாட்டி வீடு, எதுவாக இருந்தாலும் சரி. வக்கீல்களும் போலீஸும் நடமாடும் இடத்தில் அப்பாவின் மடியில் உட்காரப் பிள்ளைக்குக் கூச்சமாக இருக்கும்.

வார இறுதியில் போய்விட்டு வந்தால் பிள்ளை யாரிடமும் பேசாமல் இருக்கிறது. அவர் ஏதோ சொல்லித் தருகிறார் என்று தோன்றுகிறது.

இருக்கலாம். ஆனால் முடிவுக்கு வருவதற்கு முன் இதைக் கேளுங்கள்.

ஏழு வயதுப் பெண் குழந்தை. ஞாயிறுதோறும் பத்து மணிக்கு அப்பாவிடம் போகும், ஐந்து மணிக்குத் திரும்பும். திரும்பி வந்தால் அம்மாவிடம் இரவுவரை பேச்சில்லை. அம்மா, அவர் மனதைக் கெடுக்கிறார் என்று மனு போட்டார். சமரசத்தில் அப்பாவிடம் தனியே கேட்டேன், வெளியே போனால் என்ன செய்வீர்கள் என்று. அவர் பதில் சொல்லவில்லை. கீழே போய், வண்டிப் பெட்டியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்துவந்தார். உள்ளே ஐந்து பிராக். மாதம் ஒன்றாக வாங்கியிருக்கிறார். குழந்தை அதை ஆசையாகப் போட்டுக்கொண்டு சுற்றும். நாலரை மணிக்குத் தானாகக் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டு, வந்தபோது போட்டிருந்த சட்டையை மாட்டிக்கொள்ளும். அவர் ஏன் என்று கேட்டதற்கு, “அம்மா பாத்தா அழுவாங்க” என்று சொல்லியிருக்கிறது. முதலில் வாங்கிய பிராக் அதற்குள் சின்னதாகிவிட்டது.

அந்தப் பையை அம்மாவின் முன்னால் வைத்தபோது அவர் பிராக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். யாரும் ஒன்றும் பேசவில்லை. குழந்தைக்கு யாரும் எதையும் சொல்லித் தரவில்லை. இரண்டு பேரையும் அழவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலையைக் குழந்தை தானாகவே எடுத்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்ததும் பேசாமல் இருந்தது அந்த வேலை தந்த களைப்பு. அடுத்த ஞாயிறு குழந்தையை அனுப்பும்போது, “அப்பா வாங்கித் தந்த பிராக்கைப் போட்டுக்கிட்டே வா” என்று சொல்ல அம்மா ஒத்துக்கொண்டார். ஒப்பந்தத்தில் அதையும் ஒரு வரியாக எழுதினோம்.

பிள்ளையிடம் என்ன சொல்வது?

இருவரும் சேர்ந்து சொல்ல முடிந்தால் நல்லது. வயதுக்குத் தகுந்த அளவு சொல்லுங்கள், பொய் மட்டும் வேண்டாம். “அப்பா துபாய் போயிருக்கார்” என்று சொல்லி வைத்த பிள்ளை பள்ளிக்கூட வாசலில் அப்பாவைப் பார்த்த கதைகள் எனக்குத் தெரியும். “நாங்க ரெண்டு பேரும் இனிமே வேற வேற வீட்ல இருக்கப் போறோம். உன்னாலே இல்லை. நீ எந்த வீட்ல எந்த நாள் இருப்பேன்னு முடிவு பண்ணிட்டோம், சொல்றோம் கேளு.” இவ்வளவு போதும். “உனக்கு யார் கூட இருக்கப் பிடிக்கும்?” என்று மட்டும் கேட்காதீர்கள். எந்தப் பதில் சொன்னாலும் ஒருவரை விட்டுக்கொடுத்துவிட்டதாகத்தான் பிள்ளை நினைக்கும். நீதிபதிக்குத் தேவை என்றால் அறையில் தனியே வைத்துப் பக்குவமாகக் கேட்டுக்கொள்வார்.

ஜீவனாம்சம் வந்ததா, வாய்தா என்றைக்கு என்பதையெல்லாம் பிள்ளை வாயாகச் சொல்லி அனுப்பாதீர்கள்.

வருமானத்தை மறைக்கிறார். சமரசத்தில் எப்படி நம்புவது?

நம்ப வேண்டியதில்லை, காகிதத்தைக் கேளுங்கள். ஜீவனாம்ச வழக்குகளில் இருவரும் தங்கள் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குப் பிறகு சமரசத்துக்குப் போவது நல்லது. தொகையை முடிவு செய்யும்போது இரண்டு விஷயங்களைப் பாருங்கள். மொத்தமாக வாங்குவதென்றால் டி.டி.யாக, பாதியை முதல் மனுவின்போதும் மீதியை இறுதி நாளில் நீதிபதி முன்பாகவும் வாங்குங்கள். மாதா மாதம் என்றால் தேதி, வங்கிக் கணக்கு, ஆண்டுக்கு எவ்வளவு கூடும் என்பது மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். இன்று எட்டாயிரம் போதும் என்று தோன்றும். பிள்ளை பிளஸ் டூ வரும்போது அது டியூஷனுக்கே காணாது.

கல்யாணத்தில் பெண்ணுக்குப் போட்ட நகையும் கொடுத்த சீரும் அவளுடைய சொத்து. பேரம் பேசுகிற பொருளாக அதை வைக்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். பட்டியல், புகைப்படம், பில் இருந்தால் எடுத்து வாருங்கள்.

ஒப்பந்தத்தில் “வரதட்சணை வழக்கை வாபஸ் வாங்குகிறேன்” என்று எழுதச் சொல்கிறார்கள்.

கணவர் வீட்டார் கொடுமை பற்றிய வழக்கு, இந்திய தண்டனைச் சட்டத்தில் பழைய 498-ஏ, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்போது 85-ஆவது பிரிவு. நீங்கள் எழுதிக் கொடுத்த மாத்திரத்தில் அது முடியாது. உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போட்டு, நீங்கள் ஒப்புதல் தெரிவித்த பிறகுதான் முடியும். யார் மனு போடுவது, யார் செலவு செய்வது, பணம் வந்த பிறகா முன்பா என்ற வரிசையை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதுங்கள். முதலில் வாபஸ், பிறகு பணம் என்று எழுதச் சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள்.

எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. இன்னும் ஆறு மாதம் காத்திருக்கத்தான் வேண்டுமா?

இந்துத் திருமணச் சட்டம் 13-பி பிரிவில், ஓராண்டு பிரிந்து வாழ்ந்தவர்கள் சேர்ந்து மனு போடலாம். அதன்பின் ஆறு மாதம் கழித்து மீண்டும் வந்து உறுதிசெய்ய வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனு போடும்போதே ஒன்றரை ஆண்டுக்கு மேல் பிரிந்திருக்க வேண்டும், சமரச முயற்சிகள் பலிக்காமல் போயிருக்க வேண்டும், பணமும் பிள்ளை விஷயமும் தீர்ந்திருக்க வேண்டும், இனிக் காத்திருப்பது வேதனையைத்தான் கூட்டும் என்று நீதிபதிக்குத் தோன்ற வேண்டும். தளர்த்துவதும் மறுப்பதும் அவர் விருப்பம்.

தீர்ப்பு வரும்வரை ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெற முடியும். ஆனால் ஒப்பந்தப்படி பணத்தையும் நகையையும் வாங்கிக்கொண்டு பின்வாங்கினால் நீதிமன்றம் அதைச் சும்மா விடாது.

நாங்கள் கிறிஸ்தவர்கள் / முஸ்லிம்கள். இதே வழிதானா?

சமரசம் எல்லோருக்கும் ஒன்றுதான், சட்டம் வேறு. கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டுச் சட்டம் பரஸ்பர சம்மதத்துக்கு இரண்டாண்டுப் பிரிவைக் கேட்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2010-ல் அதை ஓராண்டாகக் கொள்ளச் சொன்னது. உங்கள் நீதிமன்றத்தில் எப்படிப் பார்க்கிறார்கள் என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். திருச்சபை தரும் மண ரத்து, சட்டப்படியான விவாகரத்து ஆகாது. முஸ்லிம் தம்பதியருக்கு முபாரத் என்ற பரஸ்பரப் பிரிவு உண்டு. குலா, அதாவது மனைவியே கேட்டுப் பெறும் விவாகரத்து, கேட்கும் பெண் குடும்ப நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், தனியார் அமைப்புகள் தரும் சான்றிதழ் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் தீர்ப்பளித்தது. ஜமாத்தில் பேசுவது தவறில்லை. முடிவை நீதிமன்றத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பேசப் பேச, சேர்ந்துவிடலாமோ என்று தோன்றுகிறது.

தோன்றினால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அதற்கும் அவசரம் வேண்டாம். அன்றே பெட்டியோடு கிளம்பிப்போனவர்களில் பலர் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். வழக்கை உடனே வாபஸ் வாங்காமல் சில மாதம் அவகாசம் கேளுங்கள். எதனால் பிரிந்தீர்களோ அந்த ஒரு விஷயத்தில் என்ன மாறியிருக்கிறது என்று ஒருவரை ஒருவர் கேளுங்கள். குடி என்றால் சிகிச்சை தொடங்கியாகிவிட்டதா? தனிக்குடித்தனம் என்றால் வாடகை வீடு பார்த்தாகிவிட்டதா? “இனிமே சண்டை போட மாட்டோம்” என்ற வார்த்தையை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

இரவில் தூக்கமில்லை. வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது.

அப்படித் தோன்றினால் வாய்தாத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். இப்போதே 14416 எண்ணுக்குப் பேசுங்கள், அது டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். மருந்து எடுத்தால் “மனநோயாளி என்று சொல்லிப் பிள்ளையைப் பறித்துவிடுவார்கள்” என்று பயந்து, போகாமல் இருப்பவர்கள் நிறையப் பேர். சிகிச்சைக்குப் போனதை வைத்து மட்டும் பிள்ளையை யாரும் பிரித்துவிட முடியாது. ஆண்களிடம் தனியாகச் சொல்கிறேன்: “எனக்கு ஒண்ணுமில்லை சார்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். யாரிடமாவது பேசுங்கள்.

ஒப்பந்தம் போட்டு ஆறு வருடமாகிறது. பையனுக்குப் பதினாலு வயது. ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன் என்கிறான். அவனை அவள் தடுக்கிறாள் என்று மனு போடட்டுமா?

மனு போடுவதற்கு முன் அவனுடைய ஞாயிற்றுக்கிழமையை விசாரியுங்கள். டியூஷன், கிரிக்கெட், நண்பர்கள். எட்டு வயதுக்கு எழுதிய நேரம் பதினாலு வயதுக்குப் பொருந்தாது. பிள்ளையைப் பற்றிய உத்தரவுகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றக் கேட்கலாம், சட்டம் அதை அனுமதிக்கிறது. இருவரும் ஒத்துக்கொண்டால் மீண்டும் ஒருநாள் சமரச மையத்துக்கு வந்து புது அட்டவணை எழுதி, அதை நீதிமன்றத்தில் பதிவு செய்துகொள்ளலாம். இந்த முறை பையனிடமும் கேளுங்கள்: “எந்த நாள் உனக்குத் தோது?” இது “யாரைப் பிடிக்கும்?” என்ற கேள்வி இல்லை, தாராளமாகக் கேட்கலாம். புதன்கிழமை டியூஷன் முடிந்து எட்டு மணிக்கு நீங்கள் போய்க் கூட்டிக்கொண்டு, இருவரும் பரோட்டா சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்கு வீட்டில் விடுவது என்று அவன் சொன்னால், அதை அப்படியே எழுதுங்கள். தடை உண்மையிலேயே அம்மாவிடமிருந்துதான் என்று அப்போது தெரியவந்தால் மனு போட வழி திறந்தே இருக்கிறது.